சபையில் நீதவான் இல்லை: சம்பந்தன் ஐயாவைப் பற்றி ஒரு சட்ட மாணவிக்கு

உவர்மலையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் திருகோணமலையின் நீண்டகாலப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்து 2024இல் காலமான சம்பந்தன் ஐயாவைப் பற்றி, போன கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "மாமா, சம்பந்தன் ஐயா சட்டத்தரணியாக இருந்துதானே பாராளுமன்றம் போனவர்? படித்த சட்டம் அங்கே அவருக்கு என்னத்துக்கு உதவியது? இவ்வளவு காலம் இருந்தும் தமிழருக்கென்று ஒரு சட்டமாவது கொண்டுவந்தாரா என்று வகுப்பில் ஒருவர் கேட்கிறார். நான் என்ன பதில் சொல்ல?" நல்ல கேள்வி. தொலைபேசியில் இரண்டு வரியில் முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகள், முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. திருகோணமலை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாட்சிக் கூண்டுக்கும் நீதவானின் மேசைக்கும் நடுவில் நின்று தமிழைச் சிங்களமாக்கி, சிங்களத்தைத் தமிழாக்கி, இடையில் ஆங்கிலத்தையும் சமாளித்த ஆள். ஒரு சொல் தவறினால் ஒரு மனிதனின் காணி போகும் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் சட்டத்தரணிகளையும் அரசியல்வாதிகளையும் அவர்கள் பயன்படுத்தும் சொல்லை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

தமிழ் அரசியலில் ஏன் இத்தனை சட்டத்தரணிகள் என்பதிலிருந்து தொடங்குவோம். ஜீ.ஜீ.பொன்னம்பலம், எஸ்.ஜே.வி.செல்வநாயகம், மு.திருச்செல்வம், அமிர்தலிங்கம், எல்லோரும் கோட்டில் நின்று பேசியவர்கள். அந்தக் காலத்தில் இரண்டு வகை இருந்தார்கள்: அப்புக்காத்து, பிரக்கிராசி. பிரக்கிராசி உறுதி எழுதுவார், வழக்குக்கான பத்திரங்களைத் தயாரிப்பார்; அப்புக்காத்து எழும்பி நின்று வாதாடுவார். 1974இல்தான் இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டத்தரணி என்று ஒரே பெயர் வைத்தார்கள். எங்கள் அம்மா சாகும்வரை பிரக்கிராசி என்றுதான் சொன்னார்.

அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் அரசியல் பேச முடியாது. ஆசிரியர் எதிர்த்துப் பேசினால் தூரத்துக்கு மாற்றம் வரும். சட்டத்தரணிக்கு அந்தப் பயம் குறைவு, சம்பளம் யார் கையிலும் இல்லை. மூன்று மொழி உலகத்தோடும் பழக்கம் உண்டு. எல்லாவற்றையும் விட, சனம் தன் கஷ்டத்தை முதலில் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் அவருடைய விறாந்தைதான்.

அந்த விறாந்தையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வழக்கு நாளில் காலை ஏழு மணிக்கே தம்பலகாமத்திலிருந்தும் மூதூரிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். மூதூர்க்காரர் லோஞ்சில் குடாவைக் கடந்து வருவார்கள். ஒரு அம்மா பழைய பிஸ்கட் ரின்னைத் திறந்து, நாலாய் மடித்த உறுதியை எடுப்பார். மடிப்பு ஓடிய இடங்களில் எழுத்து அழிந்திருக்கும். சட்டத்தரணி அதை மேசையில் விரித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, எல்லையை மட்டும் சத்தமாக வாசிப்பார்: வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வயல், தெற்கே அரச காணி. "அரச காணி" என்ற இடத்தில் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். அந்த அம்மாவுக்கும் விளங்கிவிடும். திருகோணமலை மாவட்டத்தில் அரசியலே அந்த ஒரு எல்லையில்தான் இருக்கிறது. கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்கள், சேருவிலைத் தொகுதி உருவான விதம், புனித பூமி, துறைமுக அதிகார சபை, கடற்படை முகாம் என்று எதை எடுத்தாலும் கடைசியில் காணி எல்லையில் வந்து நிற்கும். ஒரு ஊர்ச் சட்டத்தரணி இதைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை, மேசைக்கு வருகிற காகிதங்களே சொல்லிக் கொடுக்கும்.

இன்னொரு திருகோணமலைக் கதையும் இங்கே சொல்ல வேண்டும். 1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சி சார்பில் செனட்டர் திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். முன்னாள் சொலிசிட்டர் ஜெனரல், பெரிய சட்ட மேதை. கோணேஸ்வரம் கோயில் சுற்றாடலை இந்துக்களின் புனிதப் பகுதியாக அறிவிப்பது பற்றி ஆராய ஒரு குழு அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்க, பிரதமர் குழுவைக் கலைக்கச் சொல்லிவிட்டார். 1968இல் திருச்செல்வம் பதவியைத் துறந்தார். அமைச்சரவைக்குள் இருந்தே, சட்டப்படி எல்லாம் சரியாகச் செய்தும், ஒரு எதிர்ப்புக்கு முன்னால் அந்தக் குழு நிற்கவில்லை. அந்தக் கோயில் இருக்கும் சுவாமி மலைக்கு ஏறும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

சரி, சம்பந்தன் ஐயாவுக்கு வருவோம். இராஜவரோதயம் சம்பந்தன், பிறந்தது 1933 பெப்ரவரி 5. யாழ்ப்பாணம் சென் பற்றிக்ஸ், திருகோணமலை சென் ஜோசப், மொறட்டுவை சென் செபஸ்தியன் என்று பல கல்லூரிகளில் படித்து, பிறகு கொழும்பு சட்டக் கல்லூரிக்குப் போய்த் தொழிலுக்கு வந்தவர். தமிழரசுக் கட்சியில் சேர்ந்தது 1956இல். தனிச் சிங்களச் சட்டம் வந்த வருடம் அது. அதே வருடத் தேர்தலில் திருகோணமலையில் தமிழரசுக் கட்சி சார்பில் வென்ற என்.ஆர்.இராஜவரோதயம் அவருக்கு உறவுமுறை. ஆக, வீட்டிலேயே அரசியல் இருந்தது.

அப்படி இருந்தும் அவர் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது 1977இல். கட்சியில் சேர்ந்து 21 வருடம் கழித்து. நடுவில் அந்த ஆசனத்தில் வேறு ஆட்கள் இருந்தார்கள், இவர் தொழில் செய்தார். இப்போது முகநூலில் இரண்டு வருடம் பிரபலமாக இருந்தால் போதும், வேட்பாளர் பட்டியலில் இடம் கேட்கலாம். அந்த நீண்ட காலம்தான் அவரை உருவாக்கியது என்பது என் அபிப்பிராயம். எதையும் அவசரப்பட்டுச் சொல்லாத, சொன்னதைத் திரும்பத் திரும்ப அதே சொல்லில் சொல்லுகிற அந்தப் பழக்கம் மேடையில் வந்தது இல்லை. மேல்முறையீட்டில் தன் பேச்சை யாரோ வரிவரியாகப் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தவனுக்குத்தான் அது வரும்.

1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்கள் வென்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தது 8தான். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். உள்ளே போன புதியவர்களில் சம்பந்தனும் ஒருவர். ஆறு வருடம்கூட முழுதாகப் போகவில்லை. 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து அந்தப் பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டினார்கள். அடுத்த வருடம் கறுப்பு ஜூலை. அது ஆறுவதற்குள், 1983 ஆகஸ்டில், ஆறாவது திருத்தம். தனி நாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியம் செய்ய வேண்டும். கூட்டணி உறுப்பினர்கள் சபைக்குப் போகவில்லை. மூன்று மாதம் வராததால் ஆசனங்கள் பறிபோயின. தனி நாட்டு ஆணை கேட்டு வாக்குப் பெற்றவர்கள், அந்த ஆணையைக் கைவிட்டால்தான் உள்ளே இருக்கலாம் என்ற நிலை. சட்டம் தெரிந்த ஒருவனுக்கு இதைவிடக் கொடுமையான பொறி கிடையாது.

அதன் பிறகு 14 வருடம் அவர் உறுப்பினர் இல்லை. 1989இல் போட்டியிட்டுத் தோற்றார். 1994இல் கூட்டணி சார்பில் திருகோணமலையில் வென்றவர் அ.தங்கத்துரை. 1997 ஜூலை 5ஆம் திகதி, நம் ஊர் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி விழாவில் அவரைக் கொன்றார்கள். விகிதாசார முறையில் உறுப்பினர் இறந்தால் இடைத்தேர்தல் இல்லை; அதே பட்டியலில் அடுத்த கூடிய விருப்பு வாக்கு எடுத்தவர் வருவார். அப்படித்தான் சம்பந்தன் மறுபடி உள்ளே வந்தார். ஒரு கொலையால் காலியான கதிரை. அதில் போய் இருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று அந்த நாட்களில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

பெயர்களைச் சொன்னால் உங்களுக்கு அந்தக் காலம் விளங்கும். சட்டத்தரணி அமிர்தலிங்கமும் சட்டத்தரணி யோகேஸ்வரனும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள், 1989 ஜூலை 13. சட்டத்தரணி நீலன் திருச்செல்வம், 1999 ஜூலை 29. சட்டத்தரணி ரவிராஜ், 2006 நவம்பர் 10. பாராளுமன்றத்துக்குப் போன தமிழ்ச் சட்டத்தரணிகளின் ஒரு தலைமுறையே இப்படிப் போனது, சிலர் எங்கள் ஆட்களின் கையாலேயே. சம்பந்தன் எஞ்சியவர். அவர் நீண்ட காலம் இருந்தார் என்று குறை சொல்கிறவர்களிடம் நான் இந்தத் திகதிகளைத்தான் சொல்வேன்.

2000இல் மறுபடி தோல்வி. 2001இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உருவாகி, அவர் தலைவராகி, அந்த டிசம்பரில் வென்றார். அதற்குப் பிறகு சாகும்வரை திருகோணமலை அவரை விடவில்லை. 2004 தேர்தலுக்கு முன் கூட்டணிக்குள் பிளவு வந்து, அதன் உதயசூரியன் சின்னம் கூட்டணித் தலைவர் ஆனந்தசங்கரி பக்கம் நின்றுவிட்டது. அப்போது கூட்டமைப்பு கையில் எடுத்தது பழைய தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தை. பல வருடம் தனித்துத் தேர்தல் கேட்காமல் இருந்தாலும் கட்சியின் பதிவு உயிரோடு இருந்தது. காகிதத்தில் பெயரை உயிரோடு வைத்திருப்பது சட்டத்தரணிகளின் பழைய புத்தி. அந்த முறை 22 ஆசனங்கள் வந்தன. இன்றைக்கும் எங்கள் ஊரில் கிழவிகள் "வீட்டுக்குப் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள்.

இனி உங்கள் கேள்வியின் நடுவுக்கு வருகிறேன்.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் தனிநபர் சட்டமூலம் கொண்டுவரலாம். ஆனால் அரசாங்கம் விரும்பாமல் அது நிறைவேறாது, கணக்கு அப்படி. 225 பேரில் 10 பேரோ 16 பேரோ வைத்துக்கொண்டு இனப் பிரச்சினைக்குச் சட்டம் செய்ய யாராலும் முடியாது. "என்ன சட்டம் கொண்டுவந்தார்" என்று கேட்பது, எதிராளியின் சட்டத்தரணியைப் பார்த்து "நீர் ஏன் தீர்ப்பு எழுதவில்லை" என்று கேட்பது போல. அவருடைய வேலை வாதத்தைப் பதிவில் ஏற்றுவது. அதை அவர் செய்தார். அவருடைய உரைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: பண்டா–செல்வா ஒப்பந்தம், டட்லி–செல்வா ஒப்பந்தம், 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தம், மாகாண சபைகளைக் கொண்டுவந்த பதின்மூன்றாவது திருத்தம், யுத்தம் முடிந்த கையோடு 2009இல் ஜனாதிபதியும் ஐ.நா. செயலாளர் நாயகமும் விட்ட கூட்டறிக்கை. ஒவ்வொன்றாக எடுத்து, திகதி சொல்லி, "நீங்கள் கையெழுத்து வைத்தீர்கள், நீங்கள் சொன்னீர்கள்" என்று மெதுவான ஆங்கிலத்தில் சபைக்கு வாசித்துக் காட்டுவார். ஆவணத்தைக் குறிக்கிற மாதிரி. பி1, பி2, பி3 என்று.

அது எங்கே சறுக்கியது என்றால், கோட்டில் அந்த மாதிரி வாதத்துக்கு ஒரு நீதவான் உண்டு. ஆவணத்தைப் பார்த்தால் அவர் ஏதாவது ஒரு கட்டளை போட்டே ஆக வேண்டும், காரணமும் எழுத வேண்டும். சபையில் அப்படி ஒருவர் இல்லை. சபாநாயகர் நேரத்தைத்தான் பார்ப்பார். எதிர்ப்பக்கம் இருப்பவர் உங்கள் ஆவணம் உண்மை என்று ஒப்புக்கொண்டே உங்களுக்கு எதிராக வாக்களிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. சம்பந்தன் ஐயா தன் வாழ்நாளில் பெரும்பகுதி ஒரு நீதவானைத் தேடினார் என்று எனக்குத் தோன்றும். சில காலம் இந்தியாவை அந்த இடத்தில் வைத்தார், சில காலம் சர்வதேசத்தை, 2015க்குப் பிறகு நாட்டின் நல்ல மனத்தை. அவர்களில் எவரும் தீர்ப்பு எழுதக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

உண்மையான நீதிமன்றமும் எப்போதும் கைகொடுக்கவில்லை. வடக்கும் கிழக்கும் 1988 செப்டம்பரில் ஜனாதிபதி ஜே.ஆரின் பிரகடனத்தால் இணைந்தன. அன்று திருகோணமலைதான் வடகிழக்கு மாகாணத்தின் தலைநகரம். அந்த இணைப்புக்கு மாகாண சபைச் சட்டம் வைத்த நிபந்தனை, போராளிக் குழுக்கள் ஆயுதத்தைக் கையளிப்பது. அதை ஜே.ஆர். அவசரகால ஒழுங்குவிதியால் மாற்றியிருந்தார். 2006 ஒக்ரோபர் 16ஆம் திகதி உயர் நீதிமன்றம் அப்படி மாற்றியது செல்லாது, ஆகவே இணைப்பும் செல்லாது என்றது. 18 வருடம் நடைமுறையில் இருந்த ஒன்று, வழிமுறைப் பிழையால் விழுந்தது. 2007 ஜனவரியிலிருந்து கிழக்கு தனி மாகாணம். மகள், நீங்கள் சட்டம் படிக்கப் போகிறீர்கள், இந்த வழக்கை மறக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்ததைச் சரியான வாசலால் கொடுத்தார்களா என்று அன்றே பார்த்திருக்க வேண்டும்.

2015 செப்டம்பரில் அவர் எதிர்க்கட்சித் தலைவரானார். அமிர்தலிங்கத்துக்குப் பிறகு அந்தக் கதிரையில் இருந்த தமிழர் இவர்தான். 16 ஆசனங்களோடு அது எப்படிக் கிடைத்தது என்றால், இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து தேசிய அரசாங்கம் அமைத்ததால் வெளியே நின்ற பெரிய கட்சி கூட்டமைப்பு. அந்த மூன்று வருடங்கள் பற்றித்தான் ஊரில் அதிகக் கோபம். எதிர்க்கட்சித் தலைவர் அரசாங்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறார் என்றார்கள். 2016க்குள் தீர்வு என்று அவர் சொன்னது கேலியாகவே போனது. அதற்கு முன் 2012 மே தினத்தில் யாழ்ப்பாணத்தில் தேசியக் கொடியான சிங்கக் கொடியைக் கையில் பிடித்தது பலருக்கு ஆறாத புண். கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு வருடத்தைத் திகதி போட்டு வாக்குக் கொடுப்பது எந்தச் சட்டத்தரணியும் கட்சிக்காரருக்குச் செய்யக்கூடாத வேலை. "இந்தத் தவணையிலேயே வென்று தருகிறேன்" என்று சொல்கிறவரிடம் போகாதே என்று என் அப்பா சொல்வார்.

ஆனால் அதே காலத்தில் சம்பூரும் நடந்தது. 2006இல் குண்டுவீச்சில் ஓடிய சம்பூர்ச் சனம் கிளிவெட்டி, கட்டைபறிச்சான் முகாம்களில் ஒன்பது வருடம் கிடந்தது. அவர்களின் காணியில் 818 ஏக்கர் முதலீட்டு வலயத்துக்கு என்று வர்த்தமானியில் போனது. 237 ஏக்கரில் கடற்படை முகாம். பக்கத்தில் நிலக்கரி மின் நிலையத் திட்டம். 2015இல் அந்த வர்த்தமானி இரத்தானது. 818 ஏக்கரும் திரும்பி வந்தது, 2016இல் 237 ஏக்கரும் வந்தது, நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இதைச் சம்பந்தன் ஒருவர் கணக்கில் எழுத முடியாது. முகாமை விட்டு அசையாத சனமும், வழக்குப் போட்டவர்களும், ஆட்சி மாற்றமும் சேர்ந்த காரியம். ஆனாலும் தன் தொகுதிக் காணிக்காக ஜனாதிபதியிடம் நேரே பேசக்கூடிய நிலையில் ஒருவர் இருந்தார் என்பது சின்ன விஷயம் இல்லை. திரும்பிப் போன ஒருவர் எனக்குச் சொன்னார், வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தாராம். கட்டு உடைந்திருந்தது, ஆனால் கிணறு இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து அடி எண்ணித்தான் வாசலைக் குறித்திருக்கிறார்.

அந்தக் காலத்துப் புதிய அரசியலமைப்பு முயற்சியைப் பற்றி உரைபெயர்ப்பாளனாக எனக்கு ஒரு தனி ஆர்வம் உண்டு. 2016இல் பாராளுமன்றம் அரசியலமைப்புச் சபையானது. வழிநடத்தற் குழுவில் சம்பந்தன், கூட்டமைப்பின் இன்னொரு சட்டத்தரணி உறுப்பினரான சுமந்திரன் இருவரும் இருந்தார்கள். 2017 செப்டம்பரில் இடைக்கால அறிக்கை வந்தது. அதில் நாட்டின் தன்மையைச் சொல்லும் இடத்தில் "யூனிட்டரி" என்ற ஆங்கிலச் சொல்லையே தூக்கிவிட்டார்கள். சிங்களத்தில் "ஏக்கிய ராஜ்ய", தமிழில் "ஒருமித்த நாடு". இப்போதுள்ள அரசியலமைப்பின் இரண்டாம் உறுப்புரையில் சிங்களத்தில் இருப்பதும் ஏக்கிய ராஜ்யதான். தமிழில் அது ஒற்றையாட்சி. சிங்களச் சொல் மாறவில்லை, தமிழ்ச் சொல் மட்டும் மாறியது. பிரிக்கப்படாத, பிரிக்க முடியாத நாடு என்று வரைவிலக்கணம் சேர்த்து இரண்டையும் ஒரு கயிற்றில் கட்டப் பார்த்தார்கள்.

அறிக்கையை வாசித்த இரவு நான் தூங்கவில்லை. கோட்டில் இப்படி ஒரு சொல்லை நான் மொழிபெயர்த்திருந்தால் நீதவான் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்திருப்பார். ஒரே ஆவணம் இரண்டு மொழியில் இரண்டு பொருள் தந்தால், வழக்கு வரும்போது எந்த மொழி மேலோங்கும் என்பதுதான் முதல் கேள்வி. நடைமுறையில் அது சிங்களம். மறுபக்கம், இரு பக்கமும் தங்கள் சனத்துக்கு முன் முகம் காட்டக்கூடிய ஒரு சொல்லைத் தேடிய அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். தெற்கில் ஏக்கியவைக் கைவிட்டுவிட்டார்கள் என்று கத்தினார்கள், வடக்கில் ஒற்றையாட்சியை ஏற்றுவிட்டார்கள் என்று கத்தினார்கள். முயற்சி அப்படியே கிடந்துபோனது.

அதே 2017 ஆகஸ்ட் 4ஆம் திகதி வந்த தீர்ப்பு ஒன்றைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தமிழரசுக் கட்சி சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, கேட்பது பிரிவினை கேட்பதுதான், ஆறாவது திருத்தத்தின்படி அந்தக் கட்சியின் நோக்கம் பிரிவினை என்று அறிவியுங்கள் என ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். சந்திரசோம எதிர் சேனாதிராஜா என்று தேடினால் கிடைக்கும். ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்பது பிரிவினை ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. 1983இல் அவர்களை வெளியே தள்ளிய அதே திருத்தத்தின் பொருளை, 34 வருடம் கழித்து ஒரு தீர்ப்பு வரையறுத்தது. செல்வநாயகம் காலத்திலிருந்து கேட்டுவந்த கோரிக்கை குற்றம் இல்லை என்று அச்சில் வந்தது. உங்கள் வகுப்பு நண்பர் கேட்ட "சட்டம்" என்பதற்கு இது ஒரு பதில். சட்டம் சபையில் மட்டும் பிறப்பதில்லையே.

இன்னொரு பதில் 2018. இதை விட்டுவிட்டு அவரைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

ஒக்ரோபர் 26ஆம் திகதி ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திடீரென்று ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை காட்ட முடியாமல் போக, நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தையே கலைத்தார். கலைப்பை எதிர்த்துப் பலர் அடிப்படை உரிமை மனுப் போட்டார்கள். அவற்றில் முதன்மையாகத் தீர்ப்பில் நிற்கும் பெயர் இராஜவரோதயம் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர். இலக்கம் எஸ்.சி. எஃப்.ஆர். 351/2018. வயது அப்போது அவருக்கு 85.

வாதத்தின் அழகைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் 212 பேர் ஆதரித்து நிறைவேறிய பத்தொன்பதாவது திருத்தத்துக்குக் கூட்டமைப்பும் வாக்களித்தது. அந்தத் திருத்தம் இரண்டு கதவு செய்தது. ஒன்று, அரசியலமைப்பின் 70(1)ஆம் உறுப்புரை, அன்று இருந்தபடி: நாலரை வருடம் முடியும்வரை, மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர் கேட்டாலன்றி, ஜனாதிபதி கலைக்க முடியாது. மற்றது 35ஆம் உறுப்புரை: ஜனாதிபதி பதவிமுறையில் செய்த காரியத்துக்குச் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை வழக்குப் போடலாம். முன்பு ஜனாதிபதிக்கு விலக்குரிமை, கிட்டவே போக முடியாது. அரசாங்கப் பக்கம் 33(2)(இ)யைக் காட்டியது. கூட்டவும் கலைக்கவும் ஜனாதிபதிக்கு அங்கே பொதுவான அதிகாரம் இருக்கிறது, 70 அதைக் கட்டுப்படுத்தாது என்றது. அப்படியானால் 70இல் அந்த நாலரை வருடத்தை எதற்கு எழுதினார்கள் என்பது மனுதாரர் பக்கக் கேள்வி. ஏழு நீதியரசர்கள் நாலு நாள் கேட்டார்கள். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு பேரும் ஒரே முடிவு: கலைப்பு அரசியலமைப்புக்கு முரண், மனுதாரரின் சம உரிமை மீறப்பட்டது.

அன்று பின்னேரம் இங்கே மழை. கோட்டுக்கு முன்னால் உள்ள தேநீர்க் கடையில் நாங்கள் ஐந்தாறு பேர், ஓய்வு பெற்றவர்களும் இளம் சட்டத்தரணிகளும், ஒரே தொலைபேசியைச் சுற்றி நின்றோம். ஒரு சிங்களச் சட்டத்தரணி, எனக்கு மகன் வயது, மனுதாரர் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "உங்கள் ஊர் மாத்தயாதான் எங்கள் பாராளுமன்றத்தைக் காப்பாற்றியிருக்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னான். நான் அதை மற்றவர்களுக்காகத் தமிழில் திருப்பிச் சொன்னேன். தொழில் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் தொண்டை அடைத்தது. 1983இல் சத்தியம் செய்யவில்லை என்று வெளியே விடப்பட்ட மனிதர், அதே பாராளுமன்றம் இருக்க வேண்டும் என்று கேட்டு வென்றிருக்கிறார்.

ஐந்தாம் நாள், டிசம்பர் 18ஆம் திகதி, சபாநாயகர் மகிந்த ராஜபக்சவை எதிர்க்கட்சித் தலைவராக அறிவித்தார். வழக்கில் வென்றவர் பதவியை இழந்தார்.

நம் ஊரில் 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் கொல்லப்பட்ட ஐந்து மாணவர்களின் வழக்கில், 2019 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் விடுதலையானார்கள். அதையும் நீங்கள் மறக்கக் கூடாது. நீதிமன்றம் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. சாட்சி பயந்து ஓடிய பிறகு எந்த நீதவானாலும் எதுவும் செய்ய முடியாது என்பதை என்னைவிட நெருக்கமாகப் பார்த்தவர்கள் குறைவு.

2020இல் கூட்டமைப்புக்கு 10 ஆசனங்கள். திருகோணமலையின் நாலு ஆசனங்களில் ஒன்று மறுபடி அவருக்கு. கடைசி வருடங்களில் உடல் முடியாமல் சபைக்குப் போவது அரிதாயிற்று. இளையவருக்கு விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே சொன்னார்கள். எனக்கும் அதுதான் எண்ணம். ஒரு மாவட்டத்துத் தமிழருக்கு ஒரே ஒரு பிரதிநிதி என்றால் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கக் கூடாது. 2024 ஜூன் 30ஆம் திகதி கொழும்பில் காலமானார், 91 வயது. பாராளுமன்றத்தில் அஞ்சலிக்கு வைத்து, ஊருக்குக் கொண்டுவந்து, ஜூலை 7ஆம் திகதி இங்கேதான் தகனம் நடந்தது. பட்டியலில் அடுத்தவரான குகதாசன் அந்த ஆசனத்துக்கு வந்தார், 1997இல் சம்பந்தன் வந்த அதே விதியின்படி.

உங்கள் வகுப்பு நண்பருக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டீர்கள். 351/2018 தீர்ப்பை முழுக்க வாசித்தாரா என்று முதலில் கேளுங்கள். என்னிடம் அச்செடுத்த பிரதி இருக்கிறது, ஓரத்தில் பென்சிலால் தமிழ்ச் சொற்கள் எழுதி வைத்திருக்கிறேன். நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். 33உம் 70உம் மோதுகிற பக்கங்களை இரண்டு பேருமாக உட்கார்ந்து வாசிப்போம். மாமி வடை சுடுவதாகச் சொல்லியிருக்கிறார்.